பாபநாசத்தில் ஒரு குறுக்கு விசாரணை

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், அருவி, சாப்பாடு என்ற மூன்று காரணங்களுக்காகத்தான் ஊர் ஊராகப் போய் எழுதியிருக்கிறேன். தை மாதக் கடைசியில் திருநெல்வேலிக்குப் போனது ஒரு சொல்லைத் தேடி. அல்வாவுக்காக என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் இப்போதே வெளியேறிவிடலாம், வருத்தப்பட மாட்டேன்.

பிழைப்புக்கு நான் மொழிபெயர்ப்பு செய்கிறேன். மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு கையேடு தயாராகிறது, அதைத் தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'டிமென்ஷியா' என்று வரும் இடங்களில் எல்லாம் 'அறிவாற்றல் இழப்பு' என்று போட்டு, நல்ல தமிழ் எழுதிவிட்ட திருப்தியோடு அனுப்பினேன். வெள்ளோட்டமாக அதைப் படித்த ஒரு பெரியவர், இந்த இழப்புக்கு அரசாங்கம் இழப்பீடு ஏதாவது தருகிறதா என்று கேட்டாராம். கையேடு திரும்பி வந்தது. வீடுகளில் ஜனங்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று போய்க் கேட்டுவிட்டு எழுதும்படி கூடவே ஒரு யோசனையும் வந்தது. தோழி ஒருத்தி பாளையங்கோட்டைக்காரி. அவள் சில வீடுகளுக்குச் சொல்லி வைத்தாள்.

சென்னையிலிருந்து இரவு ரயில், காலை ஏழரைக்குத் திருநெல்வேலி சந்திப்பு. தங்கியது வண்ணார்பேட்டையில், ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு ரூபாய். அறை சுத்தம், வெந்நீர் உண்டு. தெருவைப் பார்த்த அறை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. ஆகவே எந்தப் பேருந்துக்கு எந்த ஹாரன் என்பது எனக்கு இப்போது மனப்பாடம்.

முதல் இரண்டு நாளும் வீடு வீடாகப் போனேன். ஒரு மருமகள், மாமாவுக்கு நெனப்பு தட்டவில்லை என்றார். உப்பு வியாபாரி ஒருவர், அப்பா பைய அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார் என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். இன்னொரு வீட்டில் வயசாயிட்டு என்ற ஒரே சொல்லோடு கதவு வரைக்கும் வழியனுப்பினார்கள். நான் எழுதிய சொல்லை ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பாளையங்கோட்டையில் வக்கீல் வீடு. சங்கரலிங்கம் ஐயாவுக்கு எழுபத்து நான்கு வயது. நாற்பது வருடம் கோர்ட்டில் சிவில் வழக்கு நடத்தியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் மூடி இல்லாத பேனா. சில கேள்விகள் கேட்க வந்திருக்கிறேன் என்று நான் ஆரம்பித்ததுமே கையைத் தூக்கி நிறுத்தினார்.

"கேள்வி நாங்கதாம்மா கேப்போம். நீங்க பதில் மட்டும் சொன்னாப் போதும்."

பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் சொன்னேன். சம்பவம் நடந்த அன்று எங்கே இருந்தீர்கள் என்றார். எந்தச் சம்பவம் என்று தெரியாமலேயே தாம்பரத்தில் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். தாம்பரத்தில் இருந்தவருக்கு இங்கே நடந்தது எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வந்தது. அரை மணி நேரத்தில் மூன்று தடவை முன்னுக்குப் பின் முரணாகப் பேசி மாட்டிக்கொண்டேன். கடைசியில் அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, இன்னைக்கு வாய்தா என்று சொன்னார். வக்கீல் உடனே எழுந்து, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அந்த வீட்டில் வாய்தா என்பது பெரிய மருந்து. குளிக்க மாட்டேன், கோர்ட்டுக்கு நேரமாகிறது என்று அவர் கிளம்பினால் வாய்தா. வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொந்த வீட்டு வாசலிலேயே செருப்பைத் தேடினால் அதற்கும் வாய்தா. மாத்திரைக்கு மட்டும் வாய்தா செல்லாது, நீதிபதி உத்தரவு வேண்டும் என்றார் கோமதியம்மா.

கோமதியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு வந்திருப்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"டிரங்க் கால் எல்லாம் தெளிவாக் கேக்கும்மா அவியளுக்கு. லோக்கல்தான் லைன் கெடைக்க மாட்டேங்கு. சில நேரம் ரெண்டும் கிராஸ் டாக் ஆயிருது."

பழையது நினைவிருக்கும், இன்று நடந்தது நிற்காது, சில நேரம் இரண்டும் கலந்துவிடும் என்று முப்பது பக்கத்தில் நான் விளக்கப் பாடுபட்டதை மூன்று வரியில் முடித்துவிட்டு, காப்பி ஆறுகிறது என்றார்.

பிறகுதான் மெதுவாக அந்த விஷயத்துக்கு வந்தார். ஏழெட்டு மாதமாகக் கணவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'அந்த அம்மா' என்றுதான் சொல்கிறார். ஆரம்பத்தில் கோமதியம்மா விடவில்லை, நான் யாரு சொல்லுங்க என்று தினமும் கேட்டுப் பார்த்தார். உங்க பேரு உங்களுக்கே தெரியலைன்னா நான் என்ன செய்ய முடியும் என்று பதில் வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

"நாப்பத்தஞ்சு வருசமா நீ, வா, போதான். இப்போ 'நீங்க, வாங்க'ன்னு சொல்லுதாவ. மரியாதை கூடிப் போச்சும்மா. அதான் தாங்க முடியல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

மறுநாள் வாடகைக் காரில் பாபநாசம் போய்விட்டு ஊர் திரும்பப் போவதாக நான் வாய்தவறிச் சொன்னேன். காரில் இடம் இருக்குமா என்று கேட்டார். கேட்டதும் அவருக்கே பயம் வந்துவிட்டது. கணவரை வெளியே கூட்டிப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். கடைசியாகப் போனது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் முன்வரிசையில் இருந்த வக்கீல் எழுந்து, அப்ஜெக்‌ஷன் என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வெலவெலத்துப் போய்த் தாலியோடு அப்படியே நின்றுவிட்டானாம். அதற்குப் பிறகு பத்திரிகைகள் வருவது குறைந்தது. புனேயில் இருக்கிற மகன், அப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு போகவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். நாளைக்கு ஒழுங்காகப் போய் வந்துவிட்டால் அவனிடம் பேச எனக்கு ஒரு வாய் இருக்கும் என்றார் கோமதியம்மா.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், நிறுத்தி நிறுத்திப் போனால் இரண்டு மணி நேரம். கார் வாடகை நாள் முழுக்க இரண்டாயிரத்து எண்ணூறு. ஓட்டுநர் பேச்சிமுத்து அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். அவருக்கு விஷயத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அதெல்லாம் பாத்துக்கிடலாம் மேடம், எங்க சித்தப்பாவும் இப்படித்தான் என்றார்.

வக்கீல் முன்சீட்டில் உட்கார்ந்தார். மேலப்பாளையம் தாண்டும் முன்னாலேயே, என்னவே உன் கேஸு என்று ஓட்டுநரிடம் கேட்டார். பேச்சிமுத்து அண்ணனுக்கு உண்மையிலேயே ஒரு கேஸ் இருந்தது. தம்பி வரப்பை வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான். பத்தமடை வரைக்கும் வரப்பு, சேரன்மகாதேவி வரைக்கும் பட்டா, வீரவநல்லூர் வரைக்கும் மறுபடியும் வரப்பு. ஒரே கேள்வியை வக்கீல் ஐந்து தடவை கேட்டார், ஐந்து தடவையும் அண்ணன் முதலிலிருந்து சொன்னார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

கல்லிடைக்குறிச்சியில் டீக்கு நிறுத்தியபோது பேச்சிமுத்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஆச்சரியம். "எங்க வக்கீலு ஒரு தடவ கூட முழுசாக் கேக்கல மேடம். அண்ணாச்சி அஞ்சு மட்டம் கேட்டிருக்காவ" என்றார்.

அம்பாசமுத்திரத்தில் காலைச் சாப்பாடு. வக்கீல் இரண்டு இட்லி சாப்பிட்டு, கை கழுவி வந்து உட்கார்ந்து, இன்னும் எதுவும் வரவில்லையே என்றார். கோமதியம்மா இன்னும் இரண்டு சொன்னார். இந்தப் பாதையில் வயல்கள் பச்சையாக இருக்கும்போது போக வேண்டும், தை நல்ல காலம். மலை கிட்டே வர வர கோமதியம்மா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பத்து மணிக்குப் பாபநாசம் படித்துறையில் இருந்தோம். வார நாள், கூட்டம் அதிகமில்லை. கோயில் வாசலில் மீனுக்குப் போட பொரி விற்கிறார்கள், பொட்டலம் இருபது ரூபாய். குரங்குகளுக்கு அந்தப் பொட்டலத்தின் சத்தம் தெரியும், துணிப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படிகளில் பாசி வழுக்கும் என்பதால் வக்கீலை மேலேயே உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோமதியம்மா எங்களுக்கு இரண்டு படி கீழே. பொரி விழுந்த இடத்தில் தண்ணீர் கொதிப்பது மாதிரி மீன்கள் வந்தன.

வக்கீல் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். கோர்ட்டில் பேசியே பழகிய குரல், தாழ்த்தினாலும் எதிர்க்கரைக்குக் கேட்கும்.

"அந்த அம்மாகிட்ட நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லணும். காலையிலேருந்து எங்கூடவே வாராவ. சட்டையத் தொடச்சு விடுதாவ, மாத்திரை குடுக்காவ. நல்ல பொம்பளதான், ஒண்ணும் சொல்லதுக்கில்ல. ஆனா நான் கல்யாணம் ஆனவன். வீட்டுல கோமதின்னு ஒருத்தி இருக்கா."

கோமதியம்மாவின் கை பொரிப் பைக்குள்ளேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. நான், கோமதி எப்படி, நல்ல மாதிரியா என்று கேட்டுவைத்தேன்.

கெட்டிக்காரி என்றார். கோபம் வரும், ஆனால் கணக்கு வைத்திருந்து சண்டை போட மாட்டாள். கல்யாணமான புதிதில் இதே படித்துறைக்குக் கூட்டி வந்தாராம். மீனுக்கு என்று வாங்கிக் கொடுத்த பொரியை மீனுக்குப் போடாமல் முழுசாக அவளே தின்றுவிட்டாளாம்.

"பாதி நீங்கதான் தின்னீய" என்றார் கோமதியம்மா, ஆற்றைப் பார்த்தபடியே.

வக்கீல் நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அப்போ அங்கன இருந்தியளா?"

கோமதியம்மா ஒரு பிடி பொரியை எடுத்து ஆற்றில் போட்டார்.

"கோமதி சொன்னா" என்றார் கோமதியம்மா.

செவிவழிச் சாட்சியம், செல்லாது என்று வக்கீல் தள்ளுபடி செய்தார். கோமதியம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணும் நனைந்திருந்தது. எம்மேல உள்ள பிரியத்துல என்னைய வேண்டாம்னுட்டாவ பாத்தியாம்மா என்றார்.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவுக்கு நான் வேறு தலைப்பு வைத்திருப்பேன். பதினொன்றரைக்கு வெயில் ஏறியது, கிளம்பலாம் என்றோம். காருக்குப் பக்கத்தில் வந்ததும் வக்கீல் நின்றுவிட்டார். முன்பின் தெரியாத பெண்ணோடு ஒரே வண்டியில் போய் இறங்கினால் கோமதி என்ன நினைப்பாள் என்றார். பேச்சிமுத்து அண்ணன் கையைப் பிடித்து ஏற்றப் பார்த்தார், அது தப்பாகப் போயிற்று. வக்கீல் கையை உதறிக்கொண்டு, இந்தப் பெண்மணி யாரென்றே எனக்குத் தெரியாது என்று உரக்கச் சொன்னார்.

பக்கத்தில் ஒரு வேனில் வந்திருந்தவர்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். சந்தேகப்பட அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. நல்ல உடையில் ஒரு பெரியவர், மல்லுக்கட்டும் ஒரு டிரைவர், இரண்டு பெண்கள். அதில் ஒருத்தி, அதாவது நான், விளக்கம் சொல்ல வாயைத் திறந்ததும் நிலைமை மோசமானது. மேடம் பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சு மாதிரி இல்லையே என்றார் ஒருவர். இவர்களை எவ்வளவு நாளாகத் தெரியும் என்று பேச்சிமுத்து அண்ணனைக் கேட்டார்கள். அவர் நேர்மையான மனிதர், காலை எட்டு மணியிலிருந்து என்றார். போலீசைக் கூப்பிடலாமா என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

கோமதியம்மாவின் முகம் சுண்டிப்போனது. ஒரு வருடமாக வீட்டுக்குள்ளேயே இருந்ததற்கு எது காரணமோ அது நடுரோட்டில் நடந்துகொண்டிருந்தது. அவர் கைப்பையைத் திறந்தார், ஆதாரைத் தேடுகிறாராக்கும் என்று நினைத்தேன். அதைத் திரும்ப மூடிவிட்டுக் கணவருக்கு நேரே போய் நின்றார்.

"ஐயா, என்னைய அனுப்பினதே கோமதிதான். உங்களப் பத்திரமாக் கூட்டிட்டு வரச் சொன்னா."

வக்கீல் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு என்ன அத்தாட்சி?"

கேளுங்க, சொல்லுதேன் என்றார் கோமதியம்மா. வக்கீல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். கூட்டம் தானாக இரண்டடி பின்வாங்கி வட்டமாக நின்றது.

கோமதிக்கு என்ன வேலை என்று கேட்டார். டெலிபோன் ஆபீஸ். கோபம் வந்தால் என்னை எப்படிக் கூப்பிடுவாள்? வக்கீலய்யா. எனக்கு எந்தக் காய் ஆகாது? பாகற்காய், ஆனால் வெளியே சொல்ல மாட்டீர்கள், மாமியாருக்குப் பிடிக்கும் என்பதால் அவர் இருந்தவரைக்கும் சாப்பிட்டீர்கள். வேன்காரர்களில் ஒரு அம்மா, ஐயோ பாவம் என்றார். பாகற்காய்க்கா நோய்க்கா, தெரியவில்லை. இதற்குள் விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. யாரும் நகரவில்லை.

"பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு அவ என்ன கலர் சேல?"

"பச்சை" என்றார் கோமதியம்மா.

"தப்பு. நீலம்."

கோமதியம்மா வாயைத் திறந்தார். கட்டியிருந்தது அவர். அந்தச் சேலை இன்னும் அவர் வீட்டுப் பீரோவில் இருக்கிறது, பச்சைதான், பிறகு எனக்குக் காட்டினார். ஆனால் அங்கே வெயிலில் கொஞ்ச நேரம் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமா, நீலந்தான். நான் மறந்துட்டேன்" என்றார்.

வக்கீலின் முகம் இளகியது. "பரவாயில்ல. மறதி எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, காரின் பின்கதவைத் தானே திறந்து அவரை ஏறச் சொன்னார்.

வேன்காரர்கள் புளியோதரை கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். வழியில் வக்கீல் தூங்கிவிட்டார். சேரன்மகாதேவி தாண்டியதும் கோமதியம்மா, பச்சையைப் போய் நீலம் என்கிறாரே என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டார்.

இரண்டு மணிக்கு வீடு. நான் விடைபெறும் முன் காப்பி சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார். வெளியே போன பட்டுச்சேலையை மாற்றி, வீட்டில் கட்டும் நூல் சேலையோடு டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்தார். வக்கீல் நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க போயிருந்த இவ்வளவு நேரம்?"

கோமதியம்மா டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு, சாதாரணமாக, "இங்கனதான் இருந்தேன். நீங்க எங்க போயிருந்திய? கூட யாரு வந்தா?" என்று கேட்டார்.

வக்கீல் என்னைப் பார்த்தார். சாட்சி எந்தப் பக்கம் சாயும் என்று எடைபோடும் பார்வை. பிறகு மனைவியைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"இந்த மேடம் வந்தாவ. டிரைவர் வந்தான். வேற யாரும் வரல."

நான் ஊர் திரும்பிய பிறகு கோமதியம்மாவிடம் பேசினேன். மறுநாள் காலையில் மறுபடியும் 'நீங்க, வாங்க' ஆகிவிட்டதாம். ஆனால் மகனிடம் பேசிவிட்டார். கிருஷ்ணாபுரம், மணிமுத்தாறு என்று பதினைந்து நாளைக்கு ஒருமுறை கிளம்புகிறார்கள். பேச்சிமுத்து அண்ணன் வாடகையைக் குறைத்துக்கொள்கிறார், வரப்பு வழக்கு இன்னும் முடியவில்லை. கையேட்டில் 'உண்மையை அன்போடு நினைவூட்டுங்கள்' என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்து, அவரோடு தாமிரபரணிக் கரைக்குக் கிளம்புவதாக இருந்தால்: வார நாளில், காலையில் போங்கள். பொழுது சாயும் நேரத்தில் அவர்களுக்குக் குழப்பம் கூடும், நான்கு மணிக்குள் வீடு சேருங்கள். அணை திறந்தால் தண்ணீர் சட்டென்று ஏறும், கீழ்ப்படி வேண்டாம். கழிப்பறைக்கு அம்பாசமுத்திரத்திலேயே நிறுத்திவிடுங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் பழைய படம் ஒன்றும் புதிய படம் ஒன்றும் கைபேசியில் இருக்கட்டும், கூட்டத்துக்குக் காட்ட உதவும். ஓட்டுநரிடம் விஷயத்தை முதலிலேயே சொல்லுங்கள், அவருக்கு வழக்கு ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் எங்காவது அவர் உங்களை யாரென்று தெரியாது என்று சொன்னால், பதறி உடனே பெயரைச் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் இருக்கிறவர் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். உங்களைப் பற்றி அவர் மனதில் இருப்பதை உங்கள் முகத்துக்கு நேரே, ஒளிவுமறைவில்லாமல் சொல்வார். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அது உங்களுக்கு ஒரு தடவையாவது கிடைத்திருக்கிறதா?